உமாராணியின் மூன்றாவது ஆடி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: மின்விசிறிக்கு நேர்கீழே, சோபாவின் முழு நீளத்தையும் எடுத்துக்கொண்டு, கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஆனந்தவள்ளி, வீட்டுக்காரன் விஜயசங்கரின் அக்காள். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், எந்த நிமிஷமும் எழுந்து போகத் தயாராக இருப்பவர் போல, அவள் கணவர் நல்லக்கண்ணு. தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டியபடி, ஆளுக்கொரு செல்போனுடன், அவர்களுடைய கல்லூரிப் பையன்கள் இருவர். ஜன்னல் விளிம்பில் ஒண்டிக்கொண்டு ஐந்தாம் வகுப்பு முத்துசெல்வி. அவள் இந்த வீட்டின் சொந்தப் பிள்ளை என்பதால் வேறு இடம் கிடைக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, காக்கி பேண்ட்டும் பனியனுமாக விஜயசங்கர். போலீஸ் ஏட்டு, இப்போது குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து.

உமாராணி இந்தக் கணக்கில் வரமாட்டாள். அவள் அடுக்களையில் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஓர் ஈடு இட்லி வேகும் நேரத்தில் ஒரு பக்கம் என்ற விகிதத்தில் தீக்காயச் சிகிச்சையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“உமா, சட்னியில உப்பு ஒரு கல்லு தூக்கலா இருக்கு,” என்று முன்னறையிலிருந்து ஆனந்தவள்ளி குரல் கொடுத்தாள். “இருக்கட்டும், திங்கலாம். இன்னும் நாலு இட்லி கொண்டா.”

பக்கம் அங்கேயே நின்றது.

உமாராணி தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக நர்ஸ். வளைகுடா நாட்டில் நர்ஸ் வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தாள். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். வருகிற சனிக்கிழமை மூன்றாவது தடவை, திருவனந்தபுரத்தில்.

அவளுக்கு அங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரே காரணம்தான். அந்த ஊரில் ஒரு நர்ஸுக்கு நாலு நோயாளிகள்தானாம். இங்கே இருபத்திரண்டு. “நாலே நாலு பேரு,” என்று பஸ்ஸில் நின்றபடி தூங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். காதில் தேன் பாயும்.

பரீட்சையை ஏன் குற்றாலம் சீசனில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். ஆடி மாதத்தில் ஆபரேஷன் செய்துகொள்ள ஆட்கள் யோசிப்பார்கள். வார்டில் கூட்டம் குறையும். அப்போதுதான் அவளுக்கு லீவு கிடைக்கும். ஆனால் லீவு கிடைக்கிற அதே ஆடியில்தான் சாரல் அடிக்கும். சாரல் அடித்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். போன ஆடியும் அப்படித்தான். அதற்கு முந்தின ஆடியும் அப்படித்தான்.

விஜயசங்கர் காலித் தட்டோடு அடுக்களைக்குள் வந்தான்.

“எப்பங்க கிளம்புதாங்க?” என்றாள் உமாராணி, சத்தம் வராமல்.

“ரெண்டு நாளுன்னுதான் வந்தாவ.”

“அது போன வியாழக்கிழமை.”

“நீ படி உமா. நான் பாத்துக்கிடுதேன்.”

அவன் அப்படிச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். லத்தியை ஓங்காமல், விசிலை மட்டும் ஊதி, அருவிக்கரையில் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துகிறவன். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் எதற்கும் ஒரு மறுப்புச் சொன்னதில்லை. அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பொறாமைப்படுவார்கள்.

“என்னன்னு பாத்துக்கிடுவீங்க?”

“மெயினருவியில வெள்ளம், குளிக்கத் தடை போட்டாச்சுன்னு சொல்லுதேன். குளிக்க வந்தவங்க, குளிக்க முடியாதுன்னா வேற என்ன செய்வாவ? போயிருவாவ.”

உமாராணிக்கு அது சரியாகவே பட்டது. அவன் முன்னறைக்குப் போய்த் தடையை அறிவித்தான்.

ஆனந்தவள்ளி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தடையா? எப்ப எடுப்பாவ?”

“தண்ணி குறையணும்க்கா. சொல்ல முடியாது.”

“சரி, குறையட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டு தலை நனையாம போனா ஊருல எவளாவது என்னைய மதிப்பாளா? எத்தனை நாளானாலும் இருந்து குளிச்சிட்டே போறோம்.” பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். “உமா, மத்தியானத்துக்கு என்ன?”

அன்று சாயங்காலம் வீரகேரளம்புதூரிலிருந்து மாடத்திச் சித்தியும் வந்து சேர்ந்தாள். வெள்ளம் பார்க்க வந்தாளாம். “தடைன்னா தண்ணி எப்படி விழும்! அதைக் காண வேண்டாமா? சங்கரு போன்ல சொன்னான்,” என்றபடி சோபாவில் ஆனந்தவள்ளி விட்டுக்கொடுத்த ஓரத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை உமாராணி படித்தது இரண்டு ஈடு இட்லியும் ஒரு குக்கர் சாதமும்.

“தடையை எடுத்துருங்க,” என்று ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கணவனிடம் கெஞ்சினாள். “எப்படியாவது குளிக்க வச்சு அனுப்பிருங்க.”

“அதையும் யோசிச்சிட்டேன். நாளைக்குப் பெட்டி படுக்கையோட கூட்டிட்டுப் போறேன். குளிச்ச கையோட அங்கனேயே பஸ் ஏத்தி விட்டுருதேன். நீ படி.”

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போனார்கள். வீட்டில் சத்தமே இல்லை. உமாராணி சோபாவில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. புத்தகத்தை விரித்தாள். மருந்தளவுக் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று விறுவிறுவென்று போனது. சாயங்காலம் வரைக்கும் போனது.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து எல்லாரும் இறங்கினார்கள். எல்லாரும் சொட்டிக்கொண்டிருந்தார்கள். பைகளும் சொட்டிக்கொண்டிருந்தன.

“பையெல்லாம் போலீஸ் கொட்டகையில வச்சா பத்திரமா இருக்கும்னு ஒம் புருஷன்தான் வாங்கி வச்சான்,” என்றாள் ஆனந்தவள்ளி, பற்கள் தந்தியடிக்க. “கொட்டகை ஒழுகுது! மாத்திக் கட்ட ஒரு துணி காய்ஞ்சது இல்ல. இந்தக் கோலத்துல பஸ் ஏறச் சொல்லுதியா?”

விஜயசங்கர் தலையைச் சொறிந்தான். “மத்த நாளு ஒழுகாதுக்கா.”

ஆனந்தவள்ளி உமாராணியின் நைட்டிக்குள் போனாள். மாடத்திச் சித்திக்கு உமாராணியின் நல்ல சேலை. நல்லக்கண்ணுவுக்கு விஜயசங்கரின் பழைய விளையாட்டு டிரஸ். முதுகில் பெரிதாகப் ‘போலீஸ்’ என்று எழுதியிருந்தது. அவர் வாசலில் போய் நின்றதும், எதிர்வீட்டில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கை எடுத்த பையன் மறுபடியும் பைக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

ஆடிச் சாரலில் துணி காயாது. இது தென்காசியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வெயில் வருவது போல வரும். கொடியில் விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் பொடிப்பொடியாகத் தூறல் விழும். அதனால் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார்கள். உமாராணி எங்கே உட்கார்ந்தாலும் தலைக்கு மேல் யாருடையதோ ஒரு பாவாடை. இருதய நோய்ப் பாடத்தில் ஒரு சொட்டு, சிறுநீரகப் பாடத்தில் ஒரு சொட்டு என்று புத்தகம் கனத்துக்கொண்டே வந்தது.

“துணி காயுத வரைக்கும்தான்,” என்று ஆனந்தவள்ளி ஆறுதல் சொன்னாள். “காய்ஞ்சதும் ஒரு நிமிஷம் இருக்க மாட்டோம்.”

விஜயசங்கர் மறுநாள் காலையில் ஒரு வழி சொன்னான். “ஒங்க ஆஸ்பத்திரியில துணி காயவைக்குத மிஷின் இருக்குல்லா? ஒரு மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும்.”

“மேட்ரன் பாத்தா கொன்னுருவாங்க.”

“பாக்க மாட்டாவ. மத்தியானம் தொழுகைக்குப் போவாவல்லா, அந்த நேரம் போ. நானே பைக்ல விடுதேன்.”

புதன்கிழமை மத்தியானம், லீவில் இருக்கும் நர்ஸ் உமாராணி இரண்டு பெரிய பைகளோடு ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். மிஷின் சுற்றியது. அந்த உஷ்ணமும் இரைச்சலும் அவளுக்கு அவ்வளவு இதமாக இருந்தன. சுவரில் சாய்ந்து ஒரு பக்கம்தான் புரட்டியிருப்பாள், கண் செருகிவிட்டது.

விழித்தபோது எதிரே மேட்ரன் ரஹ்மத்துன்னிசா நின்றுகொண்டிருந்தார். அவர் இரண்டு விரல்களால் ஒரு பட்டாபட்டி டிரவுசரைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு மடித்த பச்சைத் துணிகளுக்கு நடுவே இருந்ததாம்.

“இது எந்த பேஷண்டோடது உமா? பெட் நம்பர் சொல்லு.”

“எங்க அண்ணாச்சியோடது மேடம். எங்க நாத்தனார் வீட்டுக்காரர்.”

“அட்மிட் ஆயிருக்காரா?”

“இல்ல மேடம். வீட்ல இருக்காங்க.”

“அப்ப துணிக்கு மட்டும் அட்மிஷனா?”

உமாராணி புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“துணி காயப்போட வர முடியுதுல்ல? ஜெனரல் வார்டுல இன்னைக்கு நைட்டுக்கு ஆளில்ல. பாத்துட்டுப் போ,” என்றார் மேட்ரன். “டிரவுசரை மறக்காம எடுத்துக்கோ.”

அன்று ராத்திரி அவளுக்கு இருபத்திநாலு நோயாளிகள்.

வியாழக்கிழமை காலையில் காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வந்தாள். துணிகள் காய்ந்து வந்ததில் ஆனந்தவள்ளிக்குப் பரம சந்தோஷம். ஆனால் வெளியே சாரல் பலத்திருந்தது. “காய்ஞ்ச துணியை மறுபடி நனைக்கவா? மழை விடட்டும்.”

உமாராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நாளை மறுநாள் பரீட்சைங்க. எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேணும்.”

விஜயசங்கர் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம் ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்தான். பிறகு, “காய்ச்சல்னு சொல்லிட்டு ரூம்ல போய்ப் படுத்துக்கோ. கதவைச் சாத்திட்டுப் படி. ஒரு பய உள்ள வராம நான் பாத்துக்கிடுதேன்,” என்றான்.

அவன் பார்த்துக்கொண்ட விதம் இது: குடும்பத்து வாட்ஸப் குரூப்பில், ‘உமாவுக்குக் கடுமையான காய்ச்சல். யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம்’ என்று போட்டான்.

மத்தியானத்துக்குள் வாசுதேவநல்லூர்ச் சொந்தக்காரர்கள் வேனில் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கே காய்ச்சல் என்றால் சாதாரணக் காய்ச்சலாக இருக்குமா? ரொட்டிப் பாக்கெட்டுகளும் ஆரஞ்சுப் பழங்களும் ஹார்லிக்ஸ் பாட்டில்களும் கட்டிலைச் சுற்றி அணிவகுத்தன. ஆட்களும் அப்படியே. உமாராணி போர்வைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள்.

“ஏட்டி, முகமெல்லாம் எப்படி வெளுத்துப்போச்சு பாரு,” என்றாள் ஒருத்தி.

“வேலை. ராவும் பகலும் வேலை. பாவம், எழுப்பாத,” என்றாள் இன்னொருத்தி. அரை நிமிஷம் எல்லாரும் சும்மா இருந்தார்கள். பிறகு அவளே குனிந்து மெதுவாகக் கேட்டாள். “உமா, முழிச்சிருக்கியா? வந்ததுதான் வந்தோம், ஒரு பிரஷர் மட்டும் பாத்துச் சொல்லுதியா? ரெண்டு நாளா கிறுகிறுன்னு வருது.”

காய்ச்சல்காரி எழுந்து உட்கார்ந்து அன்று பதினொரு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உமாராணி யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தைக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். போகலாம், வரலாம், மறுபடியும் போகலாம். மாதச் சம்பளத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுக்க முடியாதவளுக்கு அரசாங்கமே ஓடுகிற அறை ஒன்று கொடுத்திருந்தது. இதை இத்தனை நாள் யோசிக்காமல் போனோமே என்று நினைத்தாள்.

மூன்றாவது நடையில் கண்டக்டர் இசக்கிமணி அவள் பக்கத்தில் வந்து நின்றான். “யக்கா, எங்கன இறங்கணும்?”

“இறங்கல தம்பி. நீங்க ஓட்டுங்க.”

“ஓட்டுதது டிரைவரு. வீட்ல எதுவும் சண்டையாக்கா?”

“பரீட்சை.”

“அப்ப சரி,” என்றான் அவன். இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். “நானும் குரூப் ஃபோருக்கு இந்த பஸ்லதான் படிக்கேன்.”

குற்றாலம் முக்கில் மழைக்கோட்டு போட்டு விசில் ஊதிக்கொண்டிருந்த ஏட்டு, அந்த பஸ் ஜன்னலை முதல் நடையிலேயே பார்த்துவிட்டான். நாலாவது நடையில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினான்.

“தனியாவா போய்ட்டு வந்துட்டு இருக்க? சொல்லக்கூடாதா?” என்றான் ஜன்னல் வழியாக, கரிசனத்தோடு. “அத்தானை போன் போட்டு வரச் சொல்லியிருக்கேன். பேச்சுத்துணைக்கு இருக்கட்டும்.”

நல்லக்கண்ணு ஏறினார். முதுகில் இன்னும் ‘போலீஸ்’ இருந்தது; காய்ந்த துணியைச் சாரலில் நனைக்க ஆனந்தவள்ளி விடவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து குடையை மடக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கோவில்பட்டியில இப்ப வெயிலு பாத்தியா தங்கச்சி, போன வருஷத்துக்கு இந்த வருஷம்…”

உமாராணி புத்தகத்தை மூடினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகையும் வரவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“இதுதான் கடைசித் தடவை அண்ணாச்சி,” என்றாள். “இதுலயும் போச்சுன்னா இனி எழுதவே விடமாட்டாங்க.”

நல்லக்கண்ணு திரும்பி அவளைப் பார்த்தார். “கடைசியா? அது எனக்குத் தெரியாதே.”

“ஆமா.”

ஜன்னல் கண்ணாடி மூடாத இடைவெளியில் சாரல் அடித்துப் புத்தகத்தின் மேல் விழுந்தது. நல்லக்கண்ணு குடையை எடுத்து பஸ்ஸுக்குள்ளேயே விரித்து ஜன்னலுக்கு அணையாகப் பிடித்தார்.

“படி,” என்றார்.

“அண்ணாச்சி, பஸ்ஸுக்குள்ள குடையா?” என்று இசக்கிமணி கத்தினான்.

நல்லக்கண்ணு பதில் சொல்லாமல் முதுகைக் காட்டினார். அவன் எழுத்தைப் படித்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

சாயங்காலம் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனந்தவள்ளியிடமிருந்து வந்த போனை மட்டும் எடுத்து, “சிக்னல் இல்ல,” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை விடியற்காலையில் விஜயசங்கர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். “திருவனந்தபுரத்துக்கு நானே கொண்டு விடுதேன். மலைப்பாதையில பைக்ல ஜம்முன்னு போயிரலாம்.”

“வேண்டாம் மாப்ளே,” என்றார் நல்லக்கண்ணு. காய்ந்த தன் சொந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு செருப்பு மாட்டியிருந்தார். “பஸ்ல நான் கூட்டிட்டுப் போறேன். நீ ஒங்க அக்காளைப் பாரு.”

இருவரும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டார்கள். உமாராணி ஆரியங்காவு வளைவுகளில் மருந்தளவுக் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் செல்போனில் வந்தது. பாஸ்.

முத்துசெல்வி கத்திய கத்தலில் எதிர்வீட்டுப் பையன் பைக்கிலிருந்து இறங்கிவிட்டான். ஆனந்தவள்ளி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எல்லாம் தான் வந்த ராசி என்றாள். விஜயசங்கர் செல்போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான். “ஒம் பேருதானா? நல்லா பாத்தியா?” என்றான். பிறகு, “சந்தோஷம் உமா, ரொம்பச் சந்தோஷம்,” என்றான். மாடியில் கிடக்கும் துணியை எடுத்து வருவதாகச் சொல்லிப் படியேறினான். மாடியில் துணி எதுவும் இல்லை. நெடுநேரம் கழித்து ஒரே ஒரு துணிக் கிளிப்போடு இறங்கி வந்தான்.

ராத்திரி உமாராணி ஆஸ்பத்திரிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினாள்.

“இப்பவே எதுக்கு? மெதுவா செய்யலாம்,” என்றான் விஜயசங்கர். “அதுவும் நேர்ல போய் மேட்ரன் கையில குடு. அவங்க மனசு கோணாம இருக்கும்.”

“தபால்ல போடும்மா,” என்றார் நல்லக்கண்ணு, நாற்காலியில் இருந்தபடி. “கையில குடுத்தா பேசியே மடக்கிருவாங்க. காலையில நாங்க பஸ்ஸுக்குப் போகும்போது நானே கூட வாரேன்.”

திங்கட்கிழமை வெயில் அடித்தது. ஆனந்தவள்ளியும் பையன்களும் மாடத்திச் சித்தியும் மூட்டைகளோடு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் போனார்கள். உமாராணியும் நல்லக்கண்ணுவும் தபால் நிலையத்துக்குள் நுழைந்தார்கள். அவள் கவரை ஒட்டக் கை வராமல் ஒரு நிமிஷம் நின்றாள். பதினான்கு வருஷம். பிறகு பசை தடவி, நாலு விரலையும் வைத்து அழுத்தினாள். ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் இருந்த பெண் எடை பார்த்து, சீட்டு ஒட்டி, முத்திரை குத்திப் பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டாள்.

“இனி இதைத் திருப்பி வாங்க முடியாதுல்லா?” என்று நல்லக்கண்ணு ஜன்னலுக்குள் குனிந்து கேட்டார்.

“பைக்குள்ள போட்டாச்சு அண்ணாச்சி. இனி போய்ச் சேர்ந்தாத்தான்,” என்றாள் அந்தப் பெண்.

நல்லக்கண்ணு நிம்மதியாக மூச்சு விட்டு, உமாராணி பக்கம் திரும்பினார்.

“அப்ப சொல்லிருதேன் தங்கச்சி, ‘போகாத’ன்னு ஒங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஒம் புருஷனுக்கு வாய் வரல, அதான் மூணு வருஷமா ஆடி பொறந்தா எனக்குப் போன் போட்டு, ‘பரீட்சைத் தேதி வந்துட்டு அத்தான், குடும்பத்தோட கிளம்பி வந்துருங்க’ன்னு கூப்பிடுதான்.”